பீர்க்கன்கரணைக்கு எவ்வளவு மழை?

36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வங்கக் கடலைப் பார்க்கிறோம். ஏரிக்கரைத் தெருவுக்கு அந்தப் பார்வை எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது?

2015 டிசம்பர் 2-ம் தேதி, காலை 8.30 மணி. அதுவரையான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கம் மழைமானியில் பதிவானது 29 செ.மீ. மீனம்பாக்கத்தில் 35. தாம்பரத்தில் 49. நுங்கம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு நேர்கோட்டில் அளந்தால் சுமார் 20 கிலோமீட்டர்தான். மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். அதே இரவு, அதே காற்றழுத்தத் தாழ்வு, அதே வடகிழக்குக் காற்று. ஆனாலும் ஒரு முனையைவிட மறுமுனையில் 20 செ.மீ. அதிகம். அந்த 20 செ.மீ. மட்டும் ஒரு நாளில் தனியாகக் கொட்டியிருந்தாலே சென்னை அதைப் பெருமழை என்றுதான் நினைவில் வைத்திருக்கும்.

அன்றிரவு நம் செயற்கைக்கோள் தூங்கவில்லை. 2013 ஜூலையில் ஏவப்பட்ட இன்சாட்-3டி அரை மணிக்கு ஒரு முறை வங்கக் கடலைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. கரையை நோக்கி மேகங்கள் அணிவகுத்து வந்தது தெரிந்தது. கனமழை எச்சரிக்கையும் இருந்தது. எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் 29, எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் 49 என்பது மட்டும் யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூர் தாண்டி, பெருங்களத்தூருக்கு முன்னால், ஏரியை ஒட்டி இருக்கிற பீர்க்கன்கரணைவாசிக்கு வேண்டியது அந்தக் கோடுதான்.

விண்ணிலிருந்து வானிலையைப் பார்க்கும் கலையில் கடந்த பத்து ஆண்டுகளில் இந்தியா முன்னேறியிருப்பது உண்மை. அதில் பெருமைப்பட எல்லாக் காரணங்களும் இருக்கின்றன. அந்த முன்னேற்றம் ஏரிக்கரைத் தெரு வரை வந்து சேரவேண்டும் என்றால், இனி வேலை நடக்கவேண்டிய இடம் வானத்தில் குறைவு, தரையில் அதிகம். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டதால்தான் மிச்சமிருக்கிற தூரம் கண்ணுக்குத் தெரிகிறது.

மாலை 5.35

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை மாலை 5.35-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-14 கிளம்பியது. அதன் தலையில் 2,274 கிலோ எடையுள்ள இன்சாட்-3டிஎஸ். முழுச் செலவையும் புவி அறிவியல் அமைச்சகம் ஏற்றுக்கொண்ட, வானிலைக்கென்றே செய்யப்பட்ட செயற்கைக்கோள். அதைச் சுமந்த ராக்கெட்டின் மேல்நிலையில் இருப்பது கிரையோஜெனிக் இயந்திரம். இந்த வகை இயந்திரங்களைச் சோதிக்கும் களம் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2021 ஆகஸ்ட் 12 அன்று, இதே ரக ராக்கெட்டின் கிரையோஜெனிக் நிலை இயங்காமல் போய், இந்தியாவை வானத்தின் ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய இ.ஓ.எஸ்.-03 கடலில் விழுந்தது. அந்த இழப்பை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் எஃப்-14 வெற்றியின் எடை புரியும்.

இன்சாட்-3டிஎஸ் பூமத்தியரேகைக்கு நேர் மேலே, பூமி சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றுகிறது. அதனால் நமக்கு அது எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். ஆறு அலைவரிசைகளில் படம் எடுக்கும் கருவி ஒன்று. 19 அலைவரிசைகளில் காற்று மண்டலத்தை அடுக்கடுக்காக அளந்து வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கணக்கிடும் ‘சவுண்டர்’ இன்னொன்று. 2016-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர் இன்னொரு தீர்க்கரேகையில் நிற்கிறது. இப்படி இரண்டு செயற்கைக்கோள்கள் இருந்தால், மாற்றி மாற்றிப் படமெடுக்க வைத்துக் கால் மணிக்கு ஒரு படம் பெறலாம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் மேகத் துணுக்குகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணினி அளக்கும். அதிலிருந்து கடலுக்கு மேலே, ஒரு கருவியும் இல்லாத இடத்தில், காற்று எந்தத் திசையில் எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். கப்பல் போகாத கடல்பரப்பில்கூடக் காற்றை அளக்கும் இந்த வித்தை, எனக்குத் தெரிந்து செயற்கைக்கோள் வானிலையியலின் மிக அழகான பகுதி.

1983-ல் சாலஞ்சர் விண்ணோடம் இன்சாட்-1பி-யைக் கொண்டுபோய் விட்ட காலத்திலிருந்து நாம் இதைச் செய்துவருகிறோம். 2002 செப்டம்பரில் பி.எஸ்.எல்.வி. சுமந்துபோன மெட்சாட், மறு ஆண்டு கொலம்பியா விண்ணோட விபத்தில் இறந்த கல்பனா சாவ்லாவின் பெயரைப் பெற்று, கல்பனா-1 ஆனது. இவற்றின் பலன் புயல்களில் தெரிகிறது. 1999 ஒடிசா பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரையைத் தாக்கிய ஃபைலின் புயலுக்கு முன் பல லட்சம் பேரை அப்புறப்படுத்த முடிந்தது. இறப்பு சில பத்துகளில் நின்றது. அப்புறப்படுத்திய நிர்வாகத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று தெரியாமல் யாரை எங்கே அனுப்புவது?

புயல் பெரிய உருவம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நடுவில் கண், நகரும் பாதை. 36,000 கிலோமீட்டரிலிருந்து அது நன்றாகத் தெரியும். பீர்க்கன்கரணை ஏரி அப்படி இல்லை.

மேகத்தின் தலை மட்டும்

இரவிலும் படமெடுக்க வேண்டும் என்பதால் இந்தச் செயற்கைக்கோள்கள் அகச்சிவப்புக் கதிரைத்தான் அதிகம் நம்புகின்றன. அது அளப்பது மேகத்தின் உச்சியில் இருக்கும் வெப்பநிலையை. உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, மேகம் அவ்வளவு உயரம் என்று கணக்கு. உயர்ந்த மேகம் என்றால் பெரிய மழை என்பது அதன் தொடர்ச்சி. ஆனால் இது கூரையைப் பார்த்து வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்வதைப் போன்ற வேலை. பெரும்பாலும் சரியாக வரும். வராத நேரத்தில் கடுமையாகத் தவறும்.

நம் ஊர் வடகிழக்குப் பருவமழை தவறவைக்கும் ரகம். தென்மேற்குப் பருவ காலத்தில் மாலையில் இடியோடு எழும்பும் மேகங்கள் வானை முட்டும். அவற்றின் உச்சி பூஜ்யத்துக்குக் கீழே 70 டிகிரிக்கும் போகும், படத்தில் பளிச்சென்று தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரிசையாக வரும் மேகங்கள் பல நேரங்களில் அவ்வளவு உயரமாக இருப்பதில்லை. தலை அத்தனை குளிராது. ஆனால் கடல் ஈரத்தை வாங்கிக்கொண்டே வந்து, கரையில் காற்று தடைப்பட்டுக் குவியும் இடத்தில், ஒன்று போனதும் அடுத்தது என்று அதே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டும். மேலிருந்து பார்த்தால் சாதாரண மேகம். கீழே முழங்கால் தண்ணீர்.

இதற்கு மாற்று மைக்ரோவேவ் அலைகள். அவை மேகத்தின் உள்ளே இருக்கும் மழைத்துளியையும் பனித்துகளையும் நேராக உணரும். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011-ல் ஏவிய மேகா-டிராபிக்ஸ் இதற்காகவே வெப்பமண்டல நாடுகளின் மேல் திரும்பத் திரும்பச் சுற்றியது. 2023 மார்ச் 7 அன்று இஸ்ரோ அதைக் கட்டுப்பாட்டோடு இறக்கி பசிபிக் கடலுக்கு மேல் எரித்து முடித்தது. அமெரிக்காவும் ஜப்பானும் 2014-ல் ஏவிய ஜி.பி.எம். செயற்கைக்கோளில் மழையை அளக்கும் ரேடாரே இருக்கிறது. ஆனால் இந்த வகைச் செயற்கைக்கோள்கள் தாழ்வாகப் பறப்பவை. ஒரே ஊரின் மேல் நின்றுகொண்டிருக்க முடியாது. தாம்பரத்தில் இரவு 11 மணிக்குக் கொட்டும் மழையை, அந்த நேரத்தில் ஆப்பிரிக்காவின் மேல் இருக்கும் கருவி எப்படி அளக்கும்?

ஆகவே தரையில் ரேடார் வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு அதுவே முதல் டாப்ளர். புயல் வரும் நாட்களில் நாம் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்கும் பச்சை, மஞ்சள், சிவப்புச் சுழல்கள் அதன் கண்கள் வழியே வந்தவை. 10 செ.மீ. அலைநீளம் கொண்ட அந்த ரேடார் கடலுக்குள் வெகுதூரம் பார்க்கும். 2022 ஜனவரியில் இரண்டாவது ரேடார் தென்சென்னைக்கே வந்தது. வேளச்சேரி - தாம்பரம் பிரதான சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில். இது 3 செ.மீ. அலைநீளம், சுமார் 100 கிலோமீட்டர்தான் பார்க்கும், ஆனால் பக்கத்தில் இருப்பதை நுணுக்கமாகப் பார்க்கும். பலத்த மழை நடுவில் வந்தால் இதன் அலை வலுவிழந்துவிடும். அதனால்தான் இரண்டு ரேடாரும் தேவை. நம் புறநகர் மழையை இவ்வளவு அருகிலிருந்து ரேடார் பார்ப்பது இதற்கு முன் நடந்ததில்லை. ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று வரும் அறிவிப்புகளுக்குப் பின்னால் இந்த ரேடார்களின் உழைப்பு இருக்கிறது.

மீனம்பாக்கத்துப் பலூன்

இவ்வளவு நவீனத்துக்கு நடுவில், மீனம்பாக்கத்தில் ஒவ்வொரு நாளும் விடியற்காலையும் மாலையும் ஒரு ரப்பர் பலூன் மேலே போகிறது. அதிகாலை 5.30, மாலை 5.30 என்ற கணக்கு நேரங்களுக்காக, அதற்குச் சற்று முன்னதாகவே பறக்கவிடுகிறார்கள். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நிலையங்களில் அதே நேரத்தில் அதே போன்ற பலூன்கள் கிளம்புகின்றன. நம் கணக்கில் அதிகாலை 5.30 என்பது கிரீன்விச் கணக்கில் பூஜ்யம் மணி. எல்லோரும் ஒரே கணத்தில் அளந்தால்தான் உலகத்தின் காற்று மண்டலத்தை ஒரே படமாக வரைய முடியும்.

பலூனுக்குக் கீழே நீளமான கயிறு. கயிற்றின் நுனியில் உள்ளங்கையில் அடங்கிவிடும் இலேசான கருவிப் பெட்டி, ரேடியோசோண்ட். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் என்ற வேகத்தில் ஏறிக்கொண்டே வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், தான் இருக்கும் இடம் ஆகியவற்றை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். இடம் மாறுவதை வைத்து அந்தந்த உயரத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். மேலே போகப் போக வெளி அழுத்தம் குறைவதால் பலூன் ஊதிக்கொண்டே போய், சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கும். வடகிழக்குப் பருவத்தில் கீழ்மட்டக் காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் பலூனின் முதல் நகர்வு தென்மேற்காக, அதாவது பல்லாவரம், தாம்பரம் பக்கமாகத்தான் இருக்கும். நாம் குடியிருக்கும் காற்றைத்தான் அது அளந்துகொண்டு போகிறது.

விண்ணில் சவுண்டர் இருக்கும்போது பலூன் எதற்கு என்று கேட்கலாம். சவுண்டர் சொல்வது கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டுப் பெறும் எண். அதுவும் மேகம் மறைத்துவிட்டால் அதற்குக் கீழே பார்க்க முடியாது. நமக்கு மழை வரப்போகும் நாளில் வானம் எப்படி இருக்கும்? மேகமாகத்தான் இருக்கும். பலூன் மேகத்துக்குள் நுழைந்து நேரில் தொட்டு அளந்துவிட்டு வருகிறது. விண்ணிலிருந்து வரும் எண் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் பலூன்தான் அளவுகோல்.

இந்த இடத்தில் அன்னா மாணியைச் சொல்லாமல் நகர முடியாது. 1918-ல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1939-ல் பட்டம் பெற்றவர். வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். வரைபடங்கள், அளவுகள், தரம் எல்லாவற்றையும் வகுத்தார். ஓசோனை அளக்கும் பலூன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். தவறாக அளப்பதைவிட அளக்காமலே இருக்கலாம் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். இன்று செயற்கைக்கோள் படத்தை நாம் நம்புகிறோம் என்றால், அதைச் சரிபார்க்கக் கீழே நம்பகமான கருவிகள் இருக்கின்றன என்பதால்தான். அந்த நம்பகத்தை நிறுவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தென்சென்னையின் காற்றை அளக்கும் வழக்கம் இன்னும் பழையது. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் 1796 முதலே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. அதன் தலைவராக இருந்த ஜான் கோல்டிங்காம், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடிக்கப்பட்ட பீரங்கிகளின் ஒளிக்கும் ஒலிக்கும் இடையிலான நேரத்தை நுங்கம்பாக்கத்திலிருந்து அளந்தார். வெப்பம், ஈரம், காற்று மாறும்போது ஒலியின் வேகம் எப்படி மாறுகிறது என்று எழுதி 1823-ல் வெளியிட்டார். பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை இருந்த காற்று, 200 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுப் பொருளாகிவிட்டது.

சிவப்பு என்றால் எவ்வளவு?

24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.-க்கு மேல் பெய்தால் அது அதி கனமழை. ரெட் அலர்ட் என்று மக்கள் மனதில் பதிந்திருப்பது இந்த அளவைத்தான். 21 செ.மீ. பெய்தாலும் அதே சொல். 49 பெய்தாலும் அதே சொல். 2015-ல் நுங்கம்பாக்கத்தில் பெய்ததும் தாம்பரத்தில் பெய்ததும் வகைப்பாட்டில் ஒன்றுதான். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். ஆகவே அந்த 20 செ.மீ. வித்தியாசம் ஒவ்வொரு சதுர கிலோமீட்டருக்கும் 20 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 16,000 லாரிகளுக்கு மேல்.

அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். 2015 வெள்ளம் என்றாலே எல்லோரும் ‘செம்பரம்பாக்கம் திறந்துட்டாங்க’ என்பார்கள். சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் அது பொருந்தும். முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் பொருந்தாது. அடையாறு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரால் உருவாகி, முடிச்சூர் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் அதற்கும் கீழே, திருநீர்மலை அருகேதான் வந்து சேர்கிறது. ஆகவே மேற்குத் தாம்பரத்தையும் முடிச்சூரையும் மூழ்கடித்தது அவற்றின் தலைமேலும், மேலே இருக்கும் சின்னச் சின்ன ஏரிகளின் நீர்ப்பிடிப்பிலும் கொட்டிய மழை. பீர்க்கன்கரணை, இரும்புலியூர் ஏரிகளின் கதையும் இதே கதைதான். ஏரிக்கு வரும் வழியிலும் ஏரியிலிருந்து போகும் வழியிலும் வீடுகள், சாலைகள், பைபாஸ். கலங்கல் வழிந்தால் தண்ணீருக்குத் தெருவைத் தவிர வேறு பாதை இல்லை.

பெரிய அணைக்கு நீர்மட்ட அறிவிப்பு மணிக்கு ஒரு முறை செய்தியில் வருகிறது. சின்ன ஏரிக்கு யார் சொல்வது? மேலே இருக்கும் தாய் ஏரி ஒன்று நிரம்பி வழியத் தொடங்கினால், கீழ் ஏரிக்கு அந்தத் தண்ணீர் வந்து சேர நேரம் ஆகும். அந்த நேரம்தான் ஒரு குடும்பம் கேஸ் சிலிண்டரையும் பள்ளிச் சான்றிதழ்களையும் மாடிக்கு ஏற்றுவதற்கும், நடக்கமுடியாத பாட்டியைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவதற்கும் கிடைக்கும் நேரம்.

எச்சரிக்கை தவறும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 டிசம்பர் 30 அன்று, யாரும் பெருமழையை எதிர்பார்க்காத நாளில், சென்னையின் சில பகுதிகளில் சில மணி நேரத்தில் சுமார் 20 செ.மீ. கொட்டியது. 2024 அக்டோபர் மத்தியில் அதற்கு நேர்மாறு: ரெட் அலர்ட்டைக் கேட்டு வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள், தாழ்வு மண்டலம் சற்று வடக்கே நகர்ந்துவிட, 16-ம் தேதி பயந்த அளவு மழை இல்லை. அந்த மேம்பாலத்துக் கார்களைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. முன்னறிவிப்பை மதித்து, தன்னால் முடிந்ததை மக்கள் செய்தார்கள். அறிவியல் இத்தனை நாள் வேண்டிக்கொண்டதும் அதைத்தானே? தாழ்வு மண்டலம் ஐம்பது கிலோமீட்டர் விலகுவது விண்ணிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். கரையோர ஊருக்கு அதுவே வெள்ளத்துக்கும் தூறலுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த இடைவெளியைக் குறைக்க வேலை நடக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் ‘மிஷன் மவுசம்’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. கூடுதல் ரேடார்கள், புதிய தலைமுறைச் செயற்கைக்கோள் கருவிகள், வேகமான கணினிகள் அதன் இலக்கு. 2025 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்த ‘பாரத் முன்னறிவிப்பு முறை’ நாட்டை 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, முன்பு 12. தமிழ்நாடு அரசும் 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் என்று தன் சொந்த வலைப்பின்னலைக் கையில் எடுத்தது. சென்னைக்கென வெள்ள அபாயத்தை வார்டு அளவில் காட்டும் ‘சி-ஃப்ளோஸ்’ முறையைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆய்வு மையமும் ஐ.ஐ.டி. மும்பை, ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவையும் சேர்ந்து உருவாக்கின.

6 கிலோமீட்டர் பெரிய முன்னேற்றம். ஆனாலும் அப்படி ஒரு கட்டத்துக்குள் பீர்க்கன்கரணை, இரும்புலியூர், பெருங்களத்தூர் எல்லாமே அடங்கிவிடலாம். அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண் வரும். அதற்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் மழைமானியும் நீர்மட்டமானியும்தான் வழி. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், மாடம்பாக்கம், திருநீர்மலை, சிட்லபாக்கம் பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. முன்பு ஆளுக்கொரு அலுவலகத்தில் இருந்த பல ஏரிகள் இப்போது ஒரே நிர்வாகத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. ஆதனூரும் மணிமங்கலமும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன என்பதால், மாநகராட்சி தனியாக இதைச் செய்ய முடியாது. நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்தாக வேண்டும். அடையாற்றின் மேற்பகுதியில் ஒவ்வொரு ஏரியின் கலங்கலிலும் தானாக அளந்து அனுப்பும் நீர்மட்டமானி இருக்க வேண்டும். இருக்கும் கருவிகளை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபருக்கு முன் சோதித்தாக வேண்டும். மணிமங்கலம் வழிகிறது என்ற தகவல் கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடாமல், அதே நிமிடத்தில் முடிச்சூரிலும் பீர்க்கன்கரணையிலும் இருப்பவர் கைபேசிக்கு, ஏரியின் பெயரோடும் அளவோடும், தமிழில் வர வேண்டும்.